ரேடியேட்டர் ஃபேனும் மூன்றாவது பெயரும்

ஜூலை 1, செவ்வாய்

காலையிலிருந்து சாரல். பள்ளி விட்டதும் பைக்கோடு நேரே குத்துக்கல்வலசைத் தோப்பு, பாறை ஏறிப் பழக. பாறையெல்லாம் வழுக்கல். நல்லதுதான், கோவையில் போட்டியன்றும் மழை இருக்கும் என்கிறாள் அந்த ஊர் தீபா.

பத்தே நிமிடம். பெரிய பாறையின் உச்சியில் ஏறி நிற்கும்போது ரேடியேட்டரிலிருந்து புஸ்ஸென்று ஆவி. பச்சைத் தண்ணீர் கொதித்து என் பூட்ஸ் மேலேயே கொட்டியது. அணைத்துவிட்டுக் குனிந்து பார்த்தால், ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் சின்ன ஃபேன் அசையவே இல்லை. இது ஊர்ந்து போகிற வண்டி. ஓடுகிற வேகத்தில் தானே காற்று வாங்கிக்கொள்ளாது. ஃபேன் இல்லையென்றால் வெந்நீர்ப் பானைதான்.

தோப்புக்கார அண்ணாச்சி எட்டிப் பார்த்து, "என்ன டீச்சர், டீ போடுதியளா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீடு வரை தள்ளிக்கொண்டே வந்தேன். போட்டிக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

ஜூலை 2, புதன்

பள்ளியில் வாலிபால் இரண்டு பஞ்சர். விளையாட்டு டீச்சர் நான். எச்.எம். அம்மாவிடம் சொன்னால், "ஒட்டிப் பாருங்களேன்." என்னைப் பார்த்தால் எல்லோருக்கும் ஒட்டுகிறவள் மாதிரியே தெரிகிறது.

மாலையில் செய்தவை:
1. சூடானால் ஃபேனைப் போட்டுவிடும் ஸ்விட்ச், அதன் இரண்டு வயரையும் கழற்றிச் சேர்த்து முறுக்கியது. எஞ்சினை ஓட்டிப் பார்த்தேன். ஃபேன் சுற்றவில்லை. எனவே ஸ்விட்ச் மேல் தப்பில்லை.
2. வண்டியில் பேட்டரி கிடையாது. ஃபேனைக் கழற்றி வீட்டு இன்வர்ட்டர் பேட்டரியில் கொடுத்தது. "ம்ம்ம்" என்று ஒரு முனகல். அவ்வளவுதான்.
3. விரலால் இறக்கையைச் சுற்றியது. சுற்ற மறுத்தது. சாய்த்தால் மோட்டாருக்குள்ளிருந்து துருத் தண்ணீர்.

மழைத் தண்ணீர் இத்தனை உள்ளே போகாது. சாரலில் இரண்டு வருடம் ஓட்டியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி பளபளவென்று இருந்தது. யார் கழுவியது என்று அப்போது கேட்கவில்லை. கேட்க வேண்டியதே இல்லை. செல்வம். வீட்டுக்காரருடைய தம்பி, சுரண்டையில் வாட்டர் சர்வீஸ் வைத்திருக்கிறான். லாரியின் அடியில் ஒட்டிய சேற்றையே பெயர்த்துவிடும் பம்ப் அது.

போன் போட்டேன். "வண்டிய கழுவினியா?"

"நானா மதினி? இல்லியே. சாரல்ல தானா சுத்தமாயிருக்கும்."

ஜூலை 4, வெள்ளி

தென்காசி பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் சாகுல் பாய் கடை. மோட்டார் காயில் கட்டுகிறவர். மழை வந்தால் ஊர்ப் பம்ப்செட் எல்லாம் அங்கேதான் படுத்திருக்கும். ஃபேன் மட்டும் போதாது, வண்டியையும் பார்க்க வேண்டும் என்றார். தட்டு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். தெருவே கூடிவிட்டது.

"டீச்சர், சீட் எங்க?"

"சீட்டே கிடையாது பாய். நின்னுக்கிட்டே ஓட்டணும். பாறை மேல, மரக்கட்டை மேல. கால் தரையில பட்டா ஒரு பாயின்ட் தப்பு. யாருக்குத் தப்பு கம்மியோ அவங்க ஜெயிச்சாங்க."

"அப்ப ரேஸ் இல்லையா?"

"ரேஸ் இல்ல."

"வேகமாவும் போகாது, உக்காரவும் முடியாது." பாய் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "இத எதுக்கு வாங்குனிய?"

கொச்சியில் ஒருவர் வெளிநாடு போகும்போது விற்றுவிட்டுப் போன வண்டி என்றேன். அது பதில் இல்லை. அவருக்கும் தெரிந்தது.

மோட்டாரின் மூடியை மடக்கி அடைத்திருக்கிறார்கள், திருகாணியே இல்லை. உளி வைத்து ஒரு தட்டு. இரண்டாவது தட்டில் உள்ளே இருந்த காந்தம் மூன்று துண்டு.

"இத தொறக்கக் கூடாதுன்னுதாம்மா கம்பெனிக்காரன் செஞ்சிருக்கான்."

அதைத் தட்டுவதற்கு முன்னால் சொல்லியிருக்கலாம்.

புது ஃபேன் வெளிநாட்டிலிருந்து வர மூன்று வாரமாம். எனக்கு இருப்பது ஒன்பது நாள்.

ஜூலை 5, சனி

தீபா பேசினாள். கோவையில் பல் டாக்டர், பெயர்ப் பட்டியல் போடுவது அவள்தான். "அக்கா, வந்தர்றீங்கல்லங்க? நான், பெங்களூர் ஜோஸ்லின், நீங்க. மூணு பேரு ஸ்டார்ட்ல நிக்கலீன்னா லேடீஸ் பிரிவையே எடுத்தர்றாங்களாமா. போன வருசமே ரெண்டு பேருன்னு எடுத்துட்டாங்கல்லங்க."

வருவேன் என்று சொல்லிவிட்டேன். எதை நம்பிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

மதியம் செல்வம் வந்தான். கையில் கம்ப்யூட்டர் ஃபேன். கழுவவில்லை என்கிறவனுக்கு இத்தனை அக்கறை எதற்கு? கேட்கவில்லை. இரண்டு பேரும் பிளாஸ்டிக் டேக் போட்டு ரேடியேட்டரில் கட்டினோம். சுற்றியது. கொட்டாவி விடுகிற அளவுக்குக் காற்று. பதினைந்தாவது நிமிடம் மறுபடி கொதி.

"ஃபேன் எதுக்கு மதினி? குத்தாலக் காத்துக்கு எஞ்சின் தானா குளுந்துரும்."

அப்போதுதான் என் வாயிலிருந்து வந்தது. "ஏலே, பொய் சொல்லாத. நீ தண்ணி அடிச்சியா இல்லியா?"

கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அவனை ஏலே என்று கூப்பிட்டதில்லை. அவன் முகம் சுருங்கிவிட்டது.

"நீங்க போட்டிக்குப் போறதுக்குள்ள பளபளன்னு இருக்கட்டும்னுதான் மதினி... அண்ணன்ட்ட சொல்லிராதிய."

சாப்பிடாமலே போய்விட்டான். மீன் குழம்பு அப்படியே இருக்கிறது.

ஜூலை 6, ஞாயிறு

குற்றாலம் ரோடு முழுக்கக் கார். மெயின் அருவியில் குளிக்கத் தடை, வெள்ளமாம். ஆனாலும் வருகிறார்கள்.

வீட்டுக்காரர் வடக்கே ராணுவ முகாமிலிருந்து பேசினார். வண்டி எப்படி என்றார். நன்றாக இருக்கிறது என்றேன். செல்வம் எப்படி என்றார். நன்றாக இருக்கிறான் என்றேன். இரண்டுமே பொய்.

புனலூரில் பழைய வண்டிகளை உடைத்து விற்கிற ஒருவரின் நம்பர் கிடைத்தது. ரேடியேட்டர் அகலத்தை ஸ்கேலில் அளந்து சொன்னேன். வேறு ஏதோ வண்டியின் ஃபேன் இருக்கிறதாம். "சைஸ் ஷரியாகும் சேச்சி. வந்நு நோக்கிக்கோ." நேரில் போய்ப் பார்க்க எனக்கு வெள்ளி வரை லீவு கிடையாது. வட்டார விளையாட்டுப் போட்டிக்குப் பட்டியல் அனுப்ப வேண்டும். செல்வத்துக்கு நம்பரை மட்டும் அனுப்பினேன். எழுத்து ஒன்றுமில்லை. அவன் பார்த்துவிட்டான்.

ஜூலை 8, செவ்வாய்

பள்ளியிலிருந்து வந்தால் வாசற்படியில் ஒரு பழைய பனியன் மூட்டை. அவிழ்த்தால் ஃபேன். மூட்டையோடு நேந்திரங்காய் சிப்ஸ் ஒரு பாக்கெட். பக்கத்து வீட்டு அக்கா, "ஒங்க கொழுந்தன் காலம்பற மொத பஸ்ல செங்கோட்ட வழியா புனலூர் போயிட்டு வந்தானாம். உள்ள வான்னா மாட்டேங்கான்" என்றாள்.

இன்வர்ட்டரில் கொடுத்தேன். விர்ரென்று சுற்றியது. மேசையிலிருந்த பட்டியல் தாளெல்லாம் பறந்தன.

ஓட்டைகள் எதுவும் பொருந்தவில்லை. அதை எதிர்பார்த்தேன். இறக்கை உறை அரை விரல் பெரிது. அதையும் எதிர்பார்த்தேன்.

செல்வத்துக்குப் போன். "சாப்பிட வா."

"கடையில வேல கெடக்கு மதினி."

"மீன் கொழம்பு."

"...வாரேன்."

ஜூலை 10, வியாழன்

நேற்றும் இன்றும் அலுமினியப் பட்டை, ரம்பம், அரம். ஜன்னல் சட்டம் செய்கிற கடையில் துண்டுப் பட்டை வாங்கி, இரண்டு கால் வளைத்து, ஃபேனை ரேடியேட்டருக்குப் பின்னால் நிறுத்தியாகிவிட்டது. செல்வம் பிடித்துக்கொள்ள, நான் முடுக்க. என் இடது கை நடுவிரலில் பிளாஸ்திரி. வயரை நானே சேர்த்தேன். சிவப்புக்குச் சிவப்பு, மற்றதற்கு மற்றது.

சூடானதும் ஃபேன் தானாகக் கிளம்பியது. செல்வம் விசிலடித்தான். தோப்புக்குக் கொண்டுபோய் ஏறினேன்.

பதினெட்டு நிமிடம். கொதித்துவிட்டது.

ஃபேன் சுற்றுகிறது. தண்ணீர் இருக்கிறது. அடைப்பு இல்லை. ஆனாலும் கொதிக்கிறது! வண்டியைக் கீழே போட்டுவிட்டுப் பாறையில் உட்கார்ந்தேன். செல்வம் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். பழைய ஃபேனைத் தலையில் கட்டிவிட்டார்கள், பார்க்காமல் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாய் என்று அவன்மேல் எரிந்து விழுந்தேன். அவன் குனிந்து வண்டியைத் தூக்கி நிறுத்தினான். திருப்பித் திட்டியிருந்தால் தேவலை.

ஜூலை 11, வெள்ளி

மின்தடை, மதியம் வரை. தீபாவுக்கு "வரமுடியாது" என்று தட்டி வைத்தேன். அனுப்பவில்லை.

மாலை, கடைசியாக ஒரு தடவை. எஞ்சின் ஓடுகிறது, ஃபேன் சுற்றுகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் உட்கார்ந்து வெறித்துக்கொண்டிருந்தேன். முகத்தில் சூடான காற்று. சுகமாகத்தான் இருந்தது.

அப்புறம்தான் உறைத்தது. காற்று ஏன் என் முகத்துக்கு வருகிறது?

போட்டி நுழைவுத் தாளை எடுத்து ரேடியேட்டர் முன்னால் பிடித்தேன். தாள் என் மேலேயே பறந்து வந்து விழுந்தது. அது ரேடியேட்டரில் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஃபேன் முன்னாலிருந்து காற்றை இழுத்துப் பின்னால் தள்ளவேண்டும். இது எதிர்ப்பக்கம் ஊதுகிறது.

"காத்து வருதுல்லா மதினி?" என்றான் செல்வம்.

"வரக் கூடாதுலே. போகணும்."

வயரை மாற்றிக் கொடுத்தேன். புனலூர் ஃபேனில் சிவப்பு, சிவப்பு இல்லை. தாள் சப்பென்று ஒட்டிக்கொண்டது. ஐம்பது நிமிடம் தோப்பில் ஏறி இறங்கினேன். கொதிக்கவில்லை.

நல்ல ஃபேனைத்தான் அவன் கொண்டு வந்தான். தப்பாக மாட்டியது நான். அதை அவனிடம் சொன்னேன். "விடுங்க மதினி" என்று திரும்பிக்கொண்டான். கண்ணைத் துடைத்தானா, வேர்வையைத் துடைத்தானா, தெரியவில்லை.

ஜூலை 13, ஞாயிறு (கோவை, மலையடிவாரம்)

நேற்று மதியம் குட்டியானை லாரியில் வண்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினோம். செல்வம்தான் ஓட்டினான். நல்ல வெயில். மழை என்றாளே.

காலை எட்டரை. ஜோஸ்லினின் வண்டி ஸ்டார்ட் ஆகிறது, கியர் விழுந்ததும் அணைகிறது. கிளட்ச். நாலு பேர் குனிந்து பார்த்தார்கள். அவள் அழவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பெங்களூரிலிருந்து முந்தின நாளே வந்தவள். நடுவர், "அப்ப ரெண்டு பேருதான்" என்று பேனாவை எடுத்தார்.

தீபா என்னையும் என் வண்டியையும் பார்த்தாள். ஜோஸ்லின் பார்க்கவில்லை.

எனக்கு "முடியாது" என்றுதான் முதலில் வந்தது. பன்னிரண்டு நாள் இந்த ஃபேனோடு செத்திருக்கிறேன். ஒரே வண்டியில் இரண்டு பேர் என்றால் எஞ்சினுக்கு ஓய்வே இல்லை. ஜோஸ்லின் என்னைவிட நன்றாக ஓட்டுவாள் என்பதும் தெரியும். அதையும் நினைத்தேன், பொய் சொல்ல வேண்டாம்.

"குடுங்க மதினி," என்றான் செல்வம். "ஃபேன் தாங்கும்."

ஒரே வண்டியில் இரண்டு பேர் ஓட்டலாமா என்று நடுவர்கள் கால் மணி நேரம் வாதாடினார்கள். கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. எட்டு இடங்கள், இரண்டு சுற்று. ஒவ்வொரு இடத்திலும் ஜோஸ்லின் ஏறி இறங்கி வண்டியை என் கையில் கொடுப்பாள், நான் ஏறுவேன். இடையிலெல்லாம் செல்வம் ரேடியேட்டரைக் கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே ஓடினான். விரலெல்லாம் கொப்புளம். ஃபேன் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

ஓடைப் பாறையில் நான் கால் வைக்காமல் ஏறினேன். அப்படி ஏறியது அந்த ஒரு இடம்தான். ஜோஸ்லின் அங்கே இரண்டு தடவை கால் வைத்தாள். கை தட்டினாள், நிஜமாகவே.

தப்புகள்: ஜோஸ்லின் 14. தீபா 19. நான் 26.

என் வண்டியில், என் ஃபேனில் அவளுக்கு முதல் கோப்பை. எரிச்சல்தான். போட்டோவுக்கு மூவரும் நின்றோம். பெண்கள் பிரிவு என்று பெரிய எழுத்தில் பின்னால் பேனர்.

ஜூலை 14, திங்கள்

தொடை இரண்டும் கல். முதல் பீரியட் அணிவகுப்பு, உட்கார்ந்துகொண்டே விசில் ஊதினேன்.

மாலை வீட்டுக்காரர் போன்.

"ஏட்டி, என்னாச்சு? எத்தனாவது?"

"மூணாவது."

"மூணாவதா! அடி சக்க! இங்கன இருக்கவன்ட்டலாம் சொல்லப் போறேன்." பக்கத்தில் யாரிடமோ உரக்கச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். "மொத்தம் எத்தன பேரு ஓட்டுனிய?"

சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.