எண்ணெய் தடவிய பாதிப் புத்தகம்

என் முனிரத்தினத்துக்கு,

நீ போன பிறகும் உன்னோடு பேசுவதை நான் விடவில்லை. எழுதுவதுதான் முதல் தடவை. பேசினால் நீ பதில் சொல்வதில்லை. எழுதினாலாவது தபால்காரர் மேல் பழியைப் போட்டுவிடலாம். கோபித்துக்கொள்ளாதே, கிண்டல் இல்லாமல் உன்னிடம் எனக்குப் பேச வராது.

நாளைக் காலை ரயில். சென்னை போய், அங்கிருந்து டில்லி. நாம் இரண்டு பேரும் சேர்ந்து போவதாக இருந்த அதே ஐ.சி.எஸ். பரீட்சைதான். இந்த வருஷம் விட்டால் எனக்கு வயது தாண்டிவிடும். பெட்டியைக் கட்டி வைத்திருக்கிறேன். இன்றைக்குள் அதை எத்தனை தரம் பிரித்துக் கட்டினேன் என்று என் அம்மாவைக் கேட்டால் சொல்லும். போகலாமா, வேண்டாமா? நீ இருந்தால் முதுகில் ஒன்று போட்டிருப்பாய்.

இதைச் சென்னையில் ஒரு மாதப் பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறேன். ஆம்பூருக்கு வராத பத்திரிகையாகப் பார்த்துத்தான் கொடுக்கிறேன். ஏன் என்று கடைசியில் உனக்கே புரியும்.

நம் புத்தகம் ஞாபகம் இருக்கிறதா? கல்லூரி நூலகத்தில் கழித்துப்போட்ட, இங்கிலாந்தும் இந்தியாவும் சேர்ந்த தடி சரித்திரம். முதுகில் தோல் பைண்டிங். அதை வாங்கி வந்த அன்றே, உன் டேனரியில் தோல் ஓரம் நறுக்கும் கத்தியை எடுத்து, நீ நட்ட நடுவில் இரண்டாகப் பிளந்தாய். "உனுக்கு இங்கிலீஷ்காரன், எனுக்கு இந்தியா. அவனவன் பாதிய அவனவன் படிச்சி, இன்னொருத்தனுக்குச் சொல்லணும். ஒருத்தன் பாதிய ஒருத்தன் தொடக்கூடாது" என்றாய். பகலெல்லாம் நீ டேனரி ஆபீசில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாய். நான் மிஷன் பள்ளியில் பிள்ளைகளோடு தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். முழுப் புத்தகம் படிக்க நமக்கு ஏது நேரம்?

அதனால் சாயங்காலம் பாலாற்று மணல்தான் நமக்கு வகுப்பு. நீ தமிழில் சொல்வாய், நான் அதை இங்கிலீஷில் திருப்பிச் சொல்ல வேண்டும். ஆபீசில் படித்துவிட்டுப் போட்ட பேப்பரை மடித்து இடுப்பில் செருகி வருவாய். பொது அறிவுப் பாடம் அதிலிருந்துதான். ஆனால் உன் சரித்திரம்தான் சரித்திரம்! அக்பர் தோல் பதம் தெரிந்த ஆள் என்பாய். ஔரங்கசீப்பைப் பற்றிக் கேட்டால், "தோல சுண்ணாம்புத் தொட்டில போட்டுட்டு எடுக்க மறந்தவன். அப்புறம் எவன் வந்து துவைச்சா இன்னா, பிஞ்சிதான் போவும்" என்று சொல்லி, நீயே விழுந்து விழுந்து சிரிப்பாய். இதை நான் எப்படி இங்கிலீஷில் திருப்பிச் சொல்வேன்?

வேலூர் வரைக்கும் வந்தோம். கோட்டையில் சிப்பாய்கள் எழுந்த கதை. புதுத் தலைப்பாகை வந்தது, அதில் தோலில் செய்த ஒரு துண்டு வைத்துத் தைத்திருந்தது, அதைத் தலையில் வைக்க மாட்டோம் என்று சிப்பாய்கள் மறுத்தார்கள். நீ அதைச் சொல்லிவிட்டு மணலில் உட்கார்ந்துவிட்டாய். "ஏன் தாவீது, அந்தத் தோலு யாரு பதம் பண்ணது? தொட்டா தீட்டுன்னு ரெண்டு பக்கமும் வெட்டிக்கிட்டு செத்தானுங்களே, அதக் கையில போட்டுத் தேய்ச்சவன் அன்னிக்கு எங்க இருந்தான்?" என்று கேட்டாய். புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறது என்றேன். "ஒண்ணும் இல்ல" என்றாய். அதற்கு மேல் அன்றைக்குப் பாடம் நடக்கவில்லை. அடுத்த வாரம் உனக்கு ஜுரம். வேலூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டிப் போனோம். திரும்பி வரும்போது வண்டியில் உன்னைத் துணி மூடிப் படுக்க வைத்துக் கொண்டுவந்தோம்.

அதற்குப் பிறகு என்னிடம் இருந்தது அரைச் சரித்திரம். உன் பாதி உன் வீட்டில். வேறொரு புத்தகத்துக்குச் சென்னையில் தேடினேன். சின்னப் பிள்ளைகள் வாசிக்கிற மாதிரி ஒன்றுதான் கிடைத்தது. நம் புத்தகம் வேண்டுமென்றால் கப்பலில்தான் வரவேண்டுமாம், பரீட்சைக்குள் வராது என்றார்கள். சரி, உன் கருமாதி ஆகட்டும், உன் அப்பாவிடம், பெரியப்பாவிடம் கேட்கலாம் என்று காத்திருந்தேன். உன் அம்மா போன நாளிலிருந்து அந்த வீட்டில் அவருக்கு நீதான் எல்லாம். அங்கே போய்ப் புத்தகத்தைக் கொடு என்று எந்த முகத்தோடு கேட்பது? மூன்று தரம் வாசல் வரை போய்த் திரும்பினேன்.

நான்காவது தரம் அவரே கூப்பிட்டார். "வாடா தாவீது. புக்குக்குத்தான வந்த? தெரியும். எடுத்து வெச்சிருக்கேன்" என்றார். உன் படத்துக்குக் கீழே, விளக்குக்குப் பக்கத்தில், உன் துண்டில் சுற்றி வைத்திருந்தார். மஞ்சளும் குங்குமமும் இட்டிருந்தது. பிரித்துக் கொடுத்தபோதே குப்பென்று புங்க எண்ணெய் வாசம் வந்தது.

"முதுகுல தோலு காஞ்சி வெடிக்க ஆரம்பிச்சிச்சிப்பா. புள்ள வெச்சிட்டுப் போன பொருளு, வுட்டுற முடியுமா? தெனம் கொஞ்சம் எண்ண வெச்சித் தேய்ச்சேன். கம்மியா வெச்சா உள்ள எறங்காது, அதான் ஜாஸ்தியாவே வெச்சேன். இப்பத் தொட்டுப் பாரு, எப்பிடி இருக்கு? இனிமே எத்தினி வருஷமானாலும் வெடிக்காது" என்றார்.

தொட்டேன். உன் அப்பா வாழ்நாள் முழுக்கத் தோலுக்கு எண்ணெய் போட்ட கை, அதைக் குறை சொல்ல முடியுமா? பைண்டிங் பட்டு மாதிரி இருந்தது. பக்கங்களைத் திருப்பினேன். எண்ணெய் தாளெல்லாம் இறங்கி, ஒவ்வொரு தாளும் கண்ணாடிபோல் ஆகிவிட்டது. முன்பக்கத்து எழுத்தும் பின்பக்கத்து எழுத்தும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடந்தன. நெற்றியைச் சுருக்கிப் பார்த்தாலும் ஒரு வரி முழுசாகத் தெரியவில்லை. பாபர் ஒரு பக்கம் வந்தால், ஷேர்ஷா அவர் மேலேயே படுத்திருந்தார். உன் பாதி போயே போய்விட்டது, முனி.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன செய்வேன்? "நல்லா இருக்கு பெரியப்பா" என்றேன். அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னேன். அவர் தன் பிள்ளையை நினைத்து நான் அழுகிறேன் என்று எண்ணி என் தோளைத் தட்டினார். அதுவும் உண்மைதானே.

"அதுல இன்னாடா எழுதியிருக்குது? அவன் எனுக்குச் சொன்னதே இல்ல. கேட்டா, பேஜார் பண்ணாத நைனான்னுவான். நீ சொல்லு" என்றார். வேறு வழியில்லை. புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, படிப்பது மாதிரி, நீ எனக்கு மணலில் சொன்னதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். அக்பரின் பதத்தைச் சொன்னேன். ஔரங்கசீப்பின் சுண்ணாம்புத் தொட்டி வந்தபோது உன் அப்பா வாய்விட்டுச் சிரித்தார். நீ செத்த பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. "புக்குல சுண்ணாம்பெல்லாம் கூட போட்டிருக்கானா!" என்று ஆச்சரியப்பட்டார். போட்டிருக்கிறான் என்றேன்.

வேலூர் வந்தது. தலைப்பாகை, தோல் துண்டு, கோட்டைக்குள் வெட்டு. உன் கேள்வியை மட்டும் விட்டுவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் தன் கையைப் பார்த்தார். தோல் ஊறவைக்கும் மரப்பட்டையால் நகக்கண்ணில் ஏறிய கறை அவருக்கு எந்தச் சோப்பிலும் போகாது என்று உனக்குத் தெரியும். பிறகு மெல்லக் கேட்டார்: "அந்தத் தோலு யாருடா பதம் பண்ணது?"

நீதான் அவருக்குள்ளிருந்து கேட்டாயா, இல்லை, அவர்தான் அன்றைக்கு உனக்குள்ளிருந்து கேட்டாரா?

கிளம்பும்போது சொன்னார்: "டில்லில போயி அவன் பாதியையும் நீயே எழுதிடு. புக்கு நல்லா இருக்குது, இனிமே உனுக்கு இன்னா கொறை?"

இதுதான் என் கலக்கம், முனி. வேலூர் வரைக்கும் நீ சொன்னது மனதில் இருக்கிறது. அதற்குப் பிறகு பள்ளிப் பிள்ளைகளின் புத்தகத்தில் மனப்பாடம் செய்ததுதான். தேறமாட்டேன் என்று பயமாக இருக்கிறது. நிச்சயமாகவே பயமாக இருக்கிறது. வீட்டிலேயே இருந்துவிட்டால் தோல்வி என்ற பேச்சே இல்லை. ஆனால் பெரியப்பா ஏன் போகவில்லை என்று கேட்பாரே? அப்போது புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும். அதை என் வாய் சொல்லாது.

படிக்கிறவர்களே, நீங்கள் என்றைக்காவது ஆம்பூர் பக்கம் வந்து, எண்ணெய்க் கையோடு ஒரு பெரியவரைப் பார்த்தால், தயவுசெய்து இதைப் பற்றி மூச்சு விடாதீர்கள்.

பெட்டியை இனி பிரிக்கப்போவதில்லை, முனி. உன் பாதி என் சட்டைகளுக்கு நடுவில் இருக்கிறது. எல்லாச் சட்டையிலும் எண்ணெய் வாசம். டில்லியில் பக்கத்தில் உட்காருகிறவன் மூக்கைப் பிடித்துக்கொண்டால் பிடித்துக்கொள்ளட்டும். பரீட்சைத் தாளில் உன் பாதியிலிருந்து எந்தக் கேள்வி வந்தாலும் ஒன்றைக்கூட விடமாட்டேன். வேலூர் வந்தால் நீ கேட்டதையும் எழுதுவேன், மார்க் போனால் போகட்டும். திரும்பி வந்து ரயிலை விட்டு இறங்கினதும் உன் அப்பா கேட்பார், "புக்கு உதவிச்சா?" என்று. "உதவிச்சி பெரியப்பா" என்பேன். அதைப் பொய் இல்லாமல் சொல்வதற்காகத்தான் போகிறேன். இது உன்மேல் சத்தியம்.

உன் சித்தப்பா மகன்,
தாவீது