பாதியில் நின்ற பேச்சு

அன்பு மகள் எழிலுக்கு,

ஃபோனில் சொன்னால் அம்மா காதில் விழும் என்று எழுதுகிறேன். அவள் உன்னிடம் பேசாதது உன் கல்யாணத்தின் மேலுள்ள கோபத்தால் இல்லை. அந்த நரம்பு நோய், மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ், இப்போது மூச்சுத் தசைகளுக்கும் வந்துவிட்டது. பட்டாசு சீசனிலும் கம்பெனிக்கு லீவு போட்டு விருதுநகர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். குழாயில் ஊதச் சொன்ன டாக்டர், மூச்சுக்கு வலு இல்லை, ஞாபகமும் குறைகிறது என்றார்.

நேற்று நீ என்னிடம் பேசிக்கொண்டிருந்தபோது அவளே ஃபோனைக் கேட்டு வாங்கி, "எழிலு, நீ..." என்று தொடங்கி மூச்சுக்குத் திணறி நின்றாள். அதற்குள் நீ வைத்துவிட்டாய். மூச்சு திரும்பியபோது சொல்ல வந்தது மறந்திருந்தது.

"ஏங்க, புள்ளைட்ட என்னத்தச் சொல்ல வந்தேன்?" என்று அழுதாள்.

"வீட்டுக்கு வரச் சொல்லத்தான்" என்றேன்.

"ஆமா, அதேதான்" என்றாள்.

அதுதானா என்று எனக்குத் தெரியாது. மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா.

உன் அப்பா