வாஷிங் மெஷின் அறையில் ஒரு காடு

அக்டோபர் 19, சனி

வாஷிங் மெஷின் கதவின் ரப்பர் வளையத்தை விரித்துப் பார்த்தேன். சுற்றிலும் கறுப்பு. இதிலா இத்தனை நாள் ஜெனிலாவின் யூனிஃபார்மைத் துவைத்தேன்? பின்சுவரிலும் பூசணம். ஜெனிலா பூதக்கண்ணாடியோடு வந்தாள். "அம்மா, இங்கன பாருங்க, காடு." சத்தியமாகக் காடுதான். மெல்லிய தண்டுகள், ஒவ்வொன்றின் தலையிலும் பச்சைப் பொடி. யார் விதைத்தது, யார் தண்ணீர் ஊற்றியது? துடைக்க எடுத்த துணியோடு அப்படியே நின்றேன்.

அக்டோபர் 24, வியாழன்

ஜெனிலாவுக்கு மறுபடி வீசிங். "வீட்ல எங்கயாவது பூசணம் இருக்கா?" என்று டாக்டர் கேட்டார். பிள்ளையை அந்தச் சுவரில் முகம் வைத்துப் பார்க்க விட்டேனே. கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடிப் போகும் கரோல் ரவுண்ட்ஸில் இந்த வருஷம் ஒரு சரணம் அவள் தனியாகப் பாட வேண்டும். ஒன்பது வயதுக்காரி தெரு முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாள்.

அக்டோபர் 27, ஞாயிறு

சோப்புத் தண்ணீரால் தேய்த்தெடுத்தேன். என் வீட்டுக்காரர் உப்புக் கம்பெனியில் குடோன் பார்ப்பவர் அல்லவா, "ஏளா சுதா, உப்புல எது முளைக்கும்? நான் பாத்துக்கிடுதேன்" என்று இரண்டு சாக்குக் கல்லுப்பைச் சுவரோரம் கொட்டினார். உப்புக்காற்றில் மெஷின் துருப்பிடிக்கும் என்று போன வருஷம் ஜன்னலை பிளாஸ்டிக் ஷீட்டால் அடைத்ததும் இவர்தான். கெட்டிக்காரர் என்று எனக்குப் பெருமை வேறு.

நவம்பர் 9, சனி

நேற்றிலிருந்து மழை.

நவம்பர் 14, வியாழன்

பூசணம் திரும்பி வந்துவிட்டது. தேய்த்த இடத்திலேயே, உப்புக்கு மேலே வரிசையாக, முன்னைவிடச் செழிப்பாக. கோபம்கூட வரவில்லை, என்ன பிடிவாதம் இதற்கு என்று வியப்பாக இருந்தது. சாயங்காலம் ஜெனிலா ஒரு வரி பாடினாள், அடுத்த வரிக்கு மூச்சில்லை. "வேற யாராவது பாடட்டும்மா" என்று உட்கார்ந்துவிட்டாள். அழுகையா வந்துட்டு எனக்கு.

நவம்பர் 15, வெள்ளி

உப்பைத் தள்ளினால் அடியில் தரை நனைந்து கிடக்கிறது. மழை உள்ளே வரவில்லை, குழாயும் ஒழுகவில்லை. "இந்தத் தண்ணி எங்கேருந்துங்க வந்துச்சு?" என்றேன். அவர் ஒரு கல்லை விரலால் உருட்டிப் பார்த்தார். "மழைக்காலத்துல குடோன்ல மூட்டை வேர்க்கும்லா. காத்துல இருக்க ஈரத்தையெல்லாம் உப்பு இழுத்துக்கிடும்."

தெரியுமாமே. குடோனில் தெரிந்தது வீட்டுக்குள் வரும்போது செருப்போடு வாசலில் தங்கிவிட்டதோ? உப்புக்காத்து வரக்கூடாதுன்னு ஜன்னலை அடைச்ச மனுசன் உப்பையே உள்ள கொட்டியிருக்காரு. நானும் கூட நின்னு சாக்கு பிடிச்சேன். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

அந்த ஈரத்தை மறுபடி தொட்டுப் பார்த்தேன். நாங்கள் மூச்சு விடுகிற காற்றில் இவ்வளவு தண்ணீரா? வியப்பு இன்னும் ஆறவில்லை எனக்கு.

நவம்பர் 17, ஞாயிறு

உப்பை அள்ளி வெளியே போட்டாயிற்று. ஷீட்டைக் கிழித்தாயிற்று. எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறது. துவைத்து முடித்தால் மெஷின் கதவு திறந்தே கிடக்க வேண்டும். ரப்பர் வளையத்தைத் துடைத்துக் காயவைப்பது இனி அவர் வேலை, தண்டனை. "மெஷின் துருப்பிடிச்சா என்னளா செய்ய?" என்று முனகினார். பிடிக்கட்டும் என்றேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

சுவர் காய்ந்திருக்கிறது. கன்னத்தை வைத்துப் பார்த்தேன்.

டிசம்பர் 20, வெள்ளி

கரோல் ரவுண்ட்ஸ் எங்கள் வாசலுக்கும் வந்தது. ஜெனிலா தனியாக எடுத்தாள். கடைசி வார்த்தையில் இழுத்தாள், இழுத்துக்கொண்டே போனாள். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குத்தான் முதலில் மூச்சு முட்டியது.

மெஷினின் அடிப்பக்கம் துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கிறது.