பாதி நிமிர்ந்த முதுகு

சென்னை,
வியாழக்கிழமை

கர்த்தருக்குள் அன்பான ஸ்வீட்லின் நைனாவுக்கு, தேவசுந்தரி எழுதுவது. நம் பிள்ளை ஸ்வீட்லின் உயிரோடு இருக்கிறாள். முதலில் அதைப் படித்துக்கொள்ளுங்கள்.

நேற்றிலிருந்து நீங்கள் போனை எடுக்கவில்லை. பிள்ளையைப் பார்க்க வந்த பக்கத்து வீட்டுக் கோமளவல்லி அக்கா சாயங்கால ரயிலில் திருத்தணி திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தாலுகா ஆபீஸ் எதிரில் நம் ஜெராக்ஸ் கடை பூட்டியே கிடக்கிறதாம், நீங்கள் வீட்டை விட்டு வெளியே வரவில்லையாம்.

நேற்றுக் காலை அவள் முதுகு ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டீர்கள். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவர் வரவே இல்லை. உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது, நைனா எங்கேம்மா என்று கேட்டாள். மருந்து வாங்கப் போயிருக்கிறார் என்று பொய் சொன்னேன்.

எட்டு மணி நேரம் ஆயிற்று. முதுகுத்தண்டில் மேலே இரண்டு இடத்தில் எலும்பு ஸ்க்ரூவைப் பிடிக்கவில்லையாம். நாடா போட்டுக் கட்டிக் கம்பியை நிறுத்தியிருக்கிறார்கள். இன்னும் நிமிர்த்தப் பார்த்தபோது காலுக்குப் போகும் நரம்பில் சிக்னல் குறைந்ததாம். உடனே தளர்த்திவிட்டோம், பாதி வளைவு அப்படியேதான் இருக்கும், ஆனால் மூச்சுக்கு இனி இடம் கிடைக்கும் என்றார் டாக்டர்.

கண் விழித்ததும் வலது காலை ஆட்டினாள். இடது காலை ஆட்டச் சொன்னார்கள். ஆட்டிகினுதானே இருக்கேன் என்றாள். கால் அசையவில்லை.

மணிக்கொரு தரம் வந்து காலில் குத்திப் பார்த்தார்கள். இன்று மதியம் கட்டைவிரல் லேசாக மடங்கியது. என் ஆசைக்குத்தான் அப்படித் தெரிகிறதோ என்று நர்ஸ் சுலோச்சனாவைக் கூப்பிட்டேன். அவர் மறுபடி செய்யச் சொல்லிப் பார்த்து, ஆங், அசையுதுங்க என்றார். பாதம் இன்னும் தூக்க வரவில்லை. வரும் என்கிறார்கள், எப்போது என்று சொல்லவில்லை.

நீங்கள் ஏன் போனீர்கள் என்று எனக்குத் தெரியும். மூன்று வயதில் அவளைக் குளிப்பாட்டித் தூக்கியபோது தொடை எலும்பு முறிந்த சத்தம் உங்கள் காதை விட்டுப் போகவில்லை. பதினோரு வருஷமாக நீங்கள் அவளைத் தூக்கவில்லை. பிறவியிலேயே நொறுங்கும் எலும்பு, உங்கள் தப்பு இல்லை என்று டாக்டர்கள் சொல்லியும் நம்பவில்லை.

ஒன்று சொல்கிறேன். நான் தூக்கும்போதும் இரண்டு தடவை அவளுக்கு எலும்பு முறிந்திருக்கிறது. கட்டிலில் இடித்துக்கொண்டாள் என்று உங்களிடம் சொன்னேன். நானும் பயந்து விலகியிருந்தால், அவளைத் தூக்க யாருமே இல்லை என்று ஆகியிருக்குமே!

நாளைக் காலை பத்து மணிக்கு அவளை உட்கார வைக்கப் போகிறார்கள். இரண்டு பேர் பிடிக்க வேண்டும். ஆள் தருகிறோம் என்றார்கள். வேணாம், நைனா வரட்டும் என்று பிள்ளை சொல்லிவிட்டாள். எங்கே பிடிக்க வேண்டும் என்று இங்கே சொல்லித் தருவார்கள்.

முதல் ரயிலுக்கே வந்துவிடுங்கள். கர்த்தர் உங்கள் இரண்டு கைகளையும் திடப்படுத்துவாராக.

உங்கள்
தேவசுந்தரி