படத்தின் மேல் மூலையில் இரண்டு பேர்

நல்லூர், திருப்பூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புக் கண்ணு ஜனனிக்கு, அம்மா எழுதுவது. நாங்கள் இங்கே நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம், அந்த நார்வே குளிரில் நீ சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க மாரியம்மன் பார்த்துக்கொள்ளட்டும். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று சிரிக்காதே, போனில் ஆரம்பித்தால் அழுதுவிடுவேன், நீயும் அழுவாய், விஷயம் பாதியில் நின்றுபோகும். அப்பாவுக்குச் சர்க்கரை பரவாயில்லை, ஆனால் ஜிலேபியைக் கண்டால் கை தானாகப் போகிறது, நீயே கேள்.

என்னைப் பெற்றவர்கள், உன் அப்புச்சிக்கும் அம்மாயிக்கும் கல்யாணமாகி அறுபது வருசம் ஆனதற்குக் குடும்பமாகப் படம் எடுத்தோம் அல்லவா. வீட்டுக்குக் கீழே நம் பனியன் கம்பெனியில் கட்டிங் டேபிளை ஓரமாகத் தள்ளிவிட்டு, அப்புச்சி முதன்முதலில் வாங்கிய நிட்டிங் மிஷினுக்கு முன்னால் இரண்டு பேரையும் உட்காரவைத்து, பின்னால் நாங்கள் பதினோரு பேர் நின்றோம். வராதவர்களையும் சேர்த்துத் தருகிறேன் என்று ஸ்டூடியோ சகாயராஜ் சொன்னார். நான் ஒரு கூறுகெட்டவள், உன் படத்தையும், ஒன்பது வருசத்துக்கு முன்னால் பைக்கில் அடிபட்டு இறந்த உன் மகுடேஸ்வரன் மாமா படத்தையும் ஒன்றாக அனுப்பி, இந்த இரண்டு பேரும் வர முடியாதவர்கள் என்று மட்டும் எழுதினேன். அந்த மனுஷன் இரண்டு பேருமே இறந்தவர்கள் என்று நினைத்து, மேல் மூலையில் மேகம் போட்டு, தலையைச் சுற்றி வெளிச்சம் வைத்து, மாமா பக்கத்தில் உன்னை நிறுத்திவிட்டார். விசேஷத்தன்று எல்லோர் முன்னாலும் பிரித்த பிறகுதான் தெரிந்தது. அப்பா பதறிப்போய்த் துண்டைப் போட்டு மூடினார், அதில் காரியம் இன்னும் கெட்டது.

மறுநாளிலிருந்து அம்மாயிக்குச் சோறு இறங்கவில்லை. நீ வெளிநாட்டில் நன்றாக இருக்கிறாய் என்று சொல்லச் சொல்ல என் முகத்தையே பார்க்கிறார். ஏன் என்று உனக்குத் தெரியாது, நான் சொன்னதில்லை. மாமா இறந்தபோது அம்மாயி இருதய ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் இருந்தார். தாங்கமாட்டார் என்று, அவன் ஆர்டர் விஷயமாக வெளிநாடு போயிருக்கிறான் என்று சொன்னவள் நான்தான். குரலையாவது கேட்க வேண்டும் என்று அடம்பிடித்தார். மாமா மகன் மோகன்ராஜுக்கு அப்படியே அப்பன் குரல். கொள்ளி வைத்துவிட்டு வந்த பையனைப் போனில் அப்பனாகப் பேசவைத்தேன். பதினோரு நாள் பேசினான். காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் சொன்னோம். பெற்றவளை மகன் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவிடாத பாவி நான்.

போன வாரம் நீ வீடியோவில் அம்மாயி, அம்மாயி என்று கூப்பிட்டும் அவர் திரும்பிப் பார்க்காததற்குக் கண் மங்கல் என்று சமாளித்தேனே, அதுவும் பொய். நன்றாகத் தெரிகிறது. செத்தவனையே படத்தில் நிறுத்தியவர்களுக்கு இவளைப் போனில் காட்டுவதா பெரிது என்றாராம் அப்புச்சியிடம். அப்புச்சி சத்தியம் செய்தார், அப்போதும் நீங்கள் சத்தியம்தானே செய்தீர்கள் என்று கேட்டுவிட்டார். உன்னை மேகத்திலிருந்து எடுத்து எங்களோடு நிறுத்தித் தருவதாக சகாயராஜ் வந்து கெஞ்சினார், வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன், அதை மட்டும் அம்மாயி நம்பவா போகிறார்.

நேற்று அம்மாயிக்குத் தலை சீவிவிடும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "பொதச்சீங்களா, எரிச்சீங்களா, அதையாச்சும் சொல்லு கண்ணு. இந்தத் தடவை நான் அழுவ மாட்டேன்" என்றார். நீ உயிரோடு இருக்கிறாய் என்று சொல்ல வாயைத் திறந்தால், மாமாவைப் பற்றிச் சொன்ன அதே வார்த்தைகள்தான் வருகின்றன. படத்தை பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் உன் மெசேஜ் அரை மணி பிந்தினாலும் போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்கும் நடக்கிறேன், அதனால் வரும்வரை தினமும் கூப்பிடு, எனக்காக.

லீவு இல்லை என்று சொல்லாதே சாமி, டிக்கெட் போடு. மோகன்ராஜ் கோவை ஏர்போர்ட்டுக்கு வருவான். நீ வருகிறாய் என்று அம்மாயியிடம் நான் சொல்லப்போவதில்லை. நீ நூறு வயசு நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், அதைத்தான் தினமும் வேண்டுகிறேன். ஒன்றை மட்டும் மறக்காதே, வந்ததும் நேராக அவர் அறைக்குப் போ. வாயைத் திறக்காதே, குரலை அவர் நம்பமாட்டார். அவர் கையை எடுத்து உன் கன்னத்தில் வை.

உன் வரவையே பார்த்திருக்கும்
அம்மா சித்ராதேவி