மூடி மாறிய தட்டு

இன்று காலை, கிருமி வளர்க்கும் இன்குபேட்டர் கதவைத் திறந்ததும் அந்த வாடை முகத்தில் அடித்தது. புளித்த மாவோடு ஈரத்துணியைச் சுருட்டி வைத்த மாதிரி. "நமக்குச் சோறு போடுத வாசனை புள்ள, மூஞ்சியைச் சுளிக்காத" என்பாய். சுளிக்கக்கூட இப்போது தெம்பில்லை. நீ போன பிறகு இந்த லேபில் நீ பார்த்த கிருமித் தட்டுகளும் என் தலையில்தான்.

ஆழ்வார்திருநகரி அண்ணாச்சி ஒருவர் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு சண்டைக்கு நின்றாரே, நினைவிருக்கிறதா? "போன தடவை கேட்ட மருந்து இப்ப ஏன் கேக்க மாட்டேங்கு?" டாக்டரிடம் கேளுங்கள் என்று நான் விரட்டப் பார்த்தேன். நீயோ அவரை உள்ளே கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் குனிய வைத்தாய்.

"பெருசா தெரியுதுல்லா, அது ஒங்க செல்லு அண்ணாச்சி. நடுவுல அடர்த்தியா இருக்கது நியூக்ளியஸ். ஒங்க டிஎன்ஏ அதுக்குள்ள, சுத்திச் சவ்வு போட்டுப் பத்திரமா இருக்கு. மைட்டோகாண்ட்ரியாவுல கொஞ்சூண்டு உண்டு, அது இதுல தெரியாது. குச்சி குச்சியா கெடக்கே, அதான் கிருமி. அதுக்கு அறையும் கெடையாது, கதவும் கெடையாது. டிஎன்ஏ சும்மா உள்ள சுருண்டு கெடக்கும். அதுபோக, சின்ன வளையமா தனியாவும் வச்சிருக்கும். மருந்தை ஏய்க்கிற வித்தை பாதி அந்த வளையத்துலதான். பக்கத்துக் கிருமிக்கும் ஒரு நகல் குடுத்துரும்."

அண்ணாச்சி நிமிர்ந்து, "நம்மள்ல அண்ணன் தம்பிக்கே குடுக்க மாட்டானுவளே தாயி!" என்றார். மேலப்பாளையம் பஸ் ஏறும்வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

அந்த வளையம் உன்னிடமே வந்ததை என்னத்தச் சொல்ல. சிறுநீரில் தொடங்கிய கிருமி இரத்தத்தில் ஏறி, நீ ஆஸ்பத்திரியில் கிடந்தாய். உன் மாதிரியைத் தட்டில் பூசி மருந்து வில்லைகளை வைத்தது நான்தான். மருந்து கேட்டால் வில்லையைச் சுற்றித் தெளிந்த வட்டம் விழும். மறுநாள் பார்த்தேன். ஒன்றில்கூட வட்டம் இல்லை. கிருமி வில்லையின் ஓரம்வரை படர்ந்திருந்தது. டாக்டருக்கு உள்ளது உள்ளபடி அனுப்பிவிட்டேன். உன்னிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

நீ விடுவாயா? வீடியோவில் கூப்பிட்டு, "என் தட்டைக் காட்டு புள்ள" என்றாய்.

நான் அவசரத்தில் மூடியில் மட்டும் எண் எழுதுவதும், "மூடி மாறும், அடித்தட்டு மாறாது" என்று நீ திட்டுவதும் பல வருடச் சண்டை. அதற்கு அஞ்சியே இரண்டிலும் எழுதப் பழகியிருந்தேன். அன்று மட்டும் அடித்தட்டிலும் எண் இருப்பது மறந்துபோயிற்று, பாவிக்கு. வட்டம் வட்டமாகத் தெளிந்திருந்த வேறொருவர் தட்டின் மேல் உன் மூடியைப் போட்டு, எண் தெரியக் காட்டிவிட்டு, மூடியைத் திறந்து வட்டங்களையும் காட்டினேன்.

"தட்டைத் திருப்பிக் காட்டு" என்றாய்.

செல்போனில் சார்ஜ் இல்லை என்றேன். நீ பார்த்துக்கொண்டே இருந்தாய்.

"சரி, திருப்பாண்டாம். மூடியை எடுத்து அததுக்கு உள்ள தட்டுல போடு. அது யாரோ, அவங்களுக்கு மருந்து கேக்குது. ரிப்போர்ட்டு மாறிச்சுன்னா அவங்க கதி என்ன ஆவும்?"

அழவில்லை, திட்டவில்லை. திட்டியிருக்கலாம் நீ. நான்காம் நாள் மூச்சு நின்று மையத்தாகி விட்டாய்.

அந்தத் தட்டுக்காரி தச்சநல்லூர்க்காரி. போன வாரம் தன் காலால் நடந்து வந்து, "சரியாயிட்டுக்கா" என்றாள். சிரிக்க வேண்டியவள் நான். பொறாமைதான் வந்தது. இவளுக்குக் கேட்ட மருந்து உனக்கு ஏன் கேட்கவில்லை என்று அவளிடமே கேட்டுவிடுவேனோ என்று பயந்து உள்ளே வந்துவிட்டேன்.

இன்றும் ஒவ்வொரு தட்டாகத் திருப்பி எண்ணைப் படித்துத்தான் ரிப்போர்ட் எழுதினேன். இடுப்பு ஒடிகிறது. மூடியில் எழுதுவதை விட்டுவிட்டேன்.