தண்ணீரில் போன கடல்

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். கடவுள் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். உன் மகளுக்கு இருமல் நின்றுவிட்டது, வாய்தான் நிற்கவில்லை. உன் மாமாவுக்கு முழங்கால் வலி. கடைத்தெருவுக்குக் கிளம்பும்போது மட்டும் அது எங்கேயோ போய்விடுகிறது. நீ அந்தப் பொட்டல் வெளியில், தகரக் கொட்டகையில், நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் எனக்குக் கவலை.

இதையெல்லாம் போனிலேயே கேட்டிருப்பேன். ஆனால் உன் முகாமில் போன் விட்டு விட்டுத்தான் எடுக்கிறது. நான் சொல்ல வேண்டியதைப் பாதி கேட்டு, மீதியை நீயாக நினைத்துக்கொண்டால் இன்னும் கெடுதல். அதனால் உங்கள் அலுவலக வண்டி டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

சுற்றி வளைக்கவில்லை. பூமியைத் துளைத்து எடுத்து வந்து பின்னறையில் நீ அடுக்கி வைத்துவிட்டுப் போன கல் பெட்டிகளில் ஒன்றைக் கழுவிவிட்டேன். அந்த உப்புக்கல் இருந்த பெட்டி. மூன்று துண்டில் மேலே இருந்த இரண்டும் கரைந்து போயின. அடித்துண்டு மட்டும் இருக்கிறது, அதுவும் தொட்டியில் இடமில்லாமல் தப்பியது.

மற்ற பெட்டிகளை நான் தொடவில்லை. இது சத்தியம்.

நடந்தது இதுதான். போன வாரம் நீயும் நானும் போனில் பேசியது உனக்கு மறந்திருக்காது. குழந்தை ராத்திரியெல்லாம் இருமுகிறாள், ஒரு வாரமாவது வந்து இருந்துவிட்டுப் போயேன் என்று கேட்டேன். துளை பாதியில் நிற்கிறது, இப்போது விட்டுவிட்டு வர முடியாது அத்தை என்றாய். சரி என்று போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகு மனசு அடங்கவில்லை. பின்னறைப் பக்கம் போனால், அந்தப் பெட்டியிலிருந்து வெள்ளைப் பொடி உதிர்ந்து, சாமி கும்பிடும் இடம் வரைக்கும் வந்திருக்கிறது. கையில் வேலை இருந்தால் கோபம் தணியும் என்பது என் வழக்கம். துண்டுகளை எடுத்து, வெந்நீர் ஊற்றி, கொல்லைத் தொட்டியில் ஊறப் போட்டேன். அழுக்கு இளகட்டும், பிறகு தேய்க்கலாம் என்று. அழுக்குப் பாத்திரத்துக்கு எப்படிச் செய்வேனோ அப்படி.

போட்டுவிட்டுப் பிரார்த்தனைக்கு உட்கார்ந்தேன். அன்றைக்கு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் மருமகளை வீட்டுக்கு அனுப்பி வை என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். நான் கண்ணை மூடிக் கேட்கக் கேட்க, அங்கே உன் கல் கரைந்துகொண்டிருந்திருக்கிறது.

திரும்பி வந்து தொட்டிக்குள் கையை விட்டேன். கூழாங்கல் அளவுக்கு ஏதோ தட்டுப்பட்டது, அதுவும் விரலிடுக்கில் போய்விட்டது. தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்புக் கரித்தது.

அது வெறும் கல் என்று நினைத்துச் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வாயில்லை. நீதான் உட்கார வைத்துச் சொல்லியிருக்கிறாயே. நீ மேசையில் விட்டுப்போகும் புத்தகங்களையும் எழுத்துக்கூட்டிப் படித்தவள்தான் நான். நீ துளைக்கும் அந்த நிலம் ஒரு காலத்தில் இழுபட்டுக் கீழே இறங்கியது. பள்ளத்துக்குள் ஆறுகள் கல்லையும் மணலையும் கொண்டு வந்து கொட்டின. கொட்டிய பாரத்தில் இன்னும் இறங்கியது. ஏரியாகி, கறுப்புச் சேறு படிந்தது. பிறகு கடல் உள்ளே வந்தது, சிப்பியெல்லாம் கல்லானது. அப்புறம் கடல் வந்த வழி அடைபட்டுப்போக, உள்ளே மாட்டிய தண்ணீர் வெயிலில் வற்றி உப்பானது. அதன் மேல் மறுபடி மண்ணும் மணலும் மூடி, இன்றைக்கு மேலே நின்று பார்த்தால் வெறும் கட்டாந்தரை. கீழே இத்தனை நடந்தது யாருக்கும் தெரியாது.

கடவுள் இவ்வளவு நிதானமாகவா வேலை செய்வார் என்று அன்றைக்குக் கேட்டேன். நீ சிரித்தாய்.

அந்தக் கடல் அடியோடு வற்றியது என்று நீ சொல்கிறாய். இல்லை, ஆழம்தான் குறைந்தது என்று உங்கள் வேலைக்கு அனுமதி கொடுக்கும் குழுவில் இருக்கும் பெரியவர் சொல்கிறார். உன் பக்கத்துச் சாட்சி அந்த மேல்துண்டில் இருந்தது. காய்ந்து வெடித்த தரையின் கோடுகள். அடுத்த மாதம் குழு வந்து அதைப் பார்த்தால்தான் வேலை தொடரும், இல்லாவிட்டால் மூடிவிடுவார்கள் என்று நீயே சொன்னாய். வீட்டுக் கணக்கில் ஒரு நாள் வரவு விட்டுப்போனாலே தூக்கம் வராதவள் நான். எத்தனை ஆயிரம் வருஷத்துக் கணக்கைக் கொல்லையில் ஊற வைத்திருக்கிறேன் பார்.

தொட்டித் தண்ணீரைக் கொட்ட மனம் வரவில்லை. அப்படியே வெயிலில் விட்டேன். நாளாக ஆக வற்றி, ஓரத்திலிருந்து வெள்ளையாகப் படிந்தது. அதைப் பார்த்ததும் உன் மாமாவுக்கு ஒரே குஷி. "அதைச் சுரண்டி எடுத்துப் பெட்டியிலேயே போடுடி, உப்பு உப்புதானே, எந்தப் பெரியவர் நக்கிப் பார்க்கப் போறார்" என்கிறார். உன் வீட்டுக்காரன் அவ்வளவு தூரம் போகவில்லை. அவள் வரும் வரைக்கும் சொல்லாதே அம்மா, அங்கே தனியாக இருப்பவளுக்கு வேலையே ஓடாது என்கிறான். இரண்டு பேரும் எனக்காகத்தான் பேசுகிறார்கள். ஆனால் தொட்டியில் படிந்ததில் ஒரு கோடுகூட இல்லை, எனக்கே தெரிகிறது. அந்தச் சாட்சி இருக்கிறது என்று நம்பி நீ குழுவுக்கு எழுதிவிட்டால், பிறகு உன்னைத்தான் பொய்க்காரி என்பார்கள்.

அதனால் உள்ளதை எழுதிவிடு. மாமியார் கழுவிவிட்டாள் என்றே எழுது. சிரித்தால் சிரிக்கட்டும். நான் நேரில் வந்து சொல்ல வேண்டுமானாலும் வருகிறேன்.

உன்னிடம் ஒன்று மறைக்கக் கூடாது. தெரியாமல் செய்தேன் என்று வீட்டில் எல்லோரும் எனக்குச் சமாதானம் சொல்கிறார்கள். நானும் தலையாட்டுகிறேன். ஆனால் பெட்டி மூடியில் யாரும் தொட வேண்டாம் என்று நீ எழுதி ஒட்டியிருந்ததை அன்றைக்கு நான் படித்தேன். படித்துவிட்டுத்தான் திறந்தேன். என் வீட்டில் நான் தொடக்கூடாத பொருளா என்று ஒரு நினைப்பு வந்தது. ஒரு நொடிதான். அந்த நொடியைத்தான் கடவுளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

நீ இப்போது துளைக்கும் இடமும் அதே பழைய கடல் படுகைதான் என்றாயே. சிப்பிக்கல் வரைக்கும் கீழே போக வேண்டும், உப்பு அதற்கு மேலே எங்காவது தட்டுப்படலாம் என்றும் சொன்னாய். தட்டுப்பட்டால் கோடுகளோடு முழுசாகக் கிடைக்கட்டும். குழுவிடம் தவணை கேள். அதற்கு ஒரு மாதம் கூடுதலாக ஆனாலும், இரண்டு மாதம் ஆனாலும், நீ அங்கேயே இரு. குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன். கேட்டால் அம்மா கடலைத் தேடப் போயிருக்கிறாள் என்று சொல்லி வைக்கிறேன்.

உன்னை வீட்டுக்கு அனுப்பச் சொல்லி இத்தனை நாள் கேட்ட அதே இடத்தில் உட்கார்ந்து, நேற்றிலிருந்து வேறு மாதிரி கேட்கிறேன். உன் கையில் உப்பு அகப்படும் வரைக்கும் உன்னை அங்கேயே வைத்திரு, நல்லபடியாக வைத்திரு என்று. இதையாவது அவர் கொஞ்சம் சீக்கிரம் கேட்கட்டும்.

நன்றாக இரு, தாயே. உப்பு கிடைக்காமல் வராதே.

உன் அத்தை